எழுநூற்று நாற்பத்திரண்டு கிலோ

எழுநூற்று நாற்பத்திரண்டு கிலோ என்று கண்தராசு சொல்லி முடித்து முக்கால் மணி நேரம் ஆகியும், பாய்லர் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

நான்கு சுமைக்காரர்கள் அடியில் கடப்பாரையைக் கொடுத்து, கழுத்து நரம்பு புடைக்க நெம்பினார்கள். வளைந்தது கடப்பாரைதான். சலவை நிலையத்தின் பின்கட்டில் முப்பது வருடமாகப் படுத்துக் கிடந்த அந்த இரும்புப் பீப்பாய், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, கிடந்த கிடையை விட்டு அசையவில்லை.

"அண்ணே, எழுநூறு கிலோன்னா இந்நேரம் கொஞ்சமாவது ஆடணுமே?" என்றான் சுமைக்காரர்களில் ஒருவன்.

"எழுநூத்தி நாப்பத்திரண்டு," என்று திருத்தினார் கண்தராசு. "தரையோட ஒட்டிப் போயிருக்கு. எடை வேற, ஒட்டு வேற. நான் எடைக்குத்தான் பொறுப்பு."

கண்தராசு என்பது அவருடைய அப்பா வைத்த பெயரல்ல. பழைய இரும்புக் கடையில் பதினாறு வருடமாக அவர் பார்த்து வந்த வேலை வைத்த பெயர். எந்த இரும்பானாலும் அதை மூன்று முறை சுற்றி வருவார். ஆள்காட்டி விரலை மடக்கி ஒரு தட்டு. இடது கண்ணை மூடிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். பிறகு ஒரு எண்ணைச் சொல்வார். முழு எண்ணாகச் சொல்லவே மாட்டார். நானூறு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமே, நானூற்று மூன்று என்று சொல்லத்தானே ஆள் வேண்டும்.

இந்த வேலைக்காகக் கடை வாசலில் நிழல் பார்த்து அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். சாய்வாக, கை வைத்த நாற்காலி. மற்றவர்கள் தூக்குவார்கள், வெட்டுவார்கள், பிரிப்பார்கள். அவர் பார்ப்பார். அவ்வளவுதான்.

வீட்டில் மட்டும் இந்தத் திறமை கொஞ்சம் தகராறு செய்யும். காஸ் சிலிண்டரை ஒரு கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நாளைக்கு வரும்" என்பார். அன்று மத்தியானமே அடுப்பு அணையும். "ஊரு இரும்பெல்லாம் இவரு கண்ணுக்குத் தெரியுதாம், வீட்டு சிலிண்டர் தெரியலையாம்!" என்று அவர் மனைவி இரண்டு வீடு தாண்டிக் கேட்கும் குரலில் சொல்வதுண்டு. அது வேறு துறை என்பார் கண்தராசு.

கடையில் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. அவர் ஒரு எடை சொல்வார். சரக்கு லாரியில் ஏறி எடைமேடைக்குப் போகும். எடைமேடைச் சீட்டு அவர் சொன்னதையே சொல்லும். மிஞ்சிப் போனால் இரண்டு கிலோ முன்னே பின்னே. பதினாறு வருடச் சீட்டுகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். விருந்தாளி வந்தால் கல்யாண ஆல்பத்துக்கு முன்னால் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்.

முதலாளியம்மாவுக்கு அந்தச் சீட்டுகள் போதும். முதலாளியம்மாவின் மருமகளுக்குத்தான் போதவில்லை.

மருமகள் வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த நாளிலிருந்து கடைக்கு ஒரு எலெக்ட்ரானிக் தராசு வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மாமியாரும் மருமகளும் சமையலறைக்காகச் சண்டை போடுவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இந்த வீட்டில் தராசுக்காகச் சண்டை. இன்று காலை அவள் டேப்பும் டார்ச்சுமாக வந்து, பாய்லருக்குள் தலையை விட்டு, புடவை நுனியெல்லாம் கரியாக, உள்ளே இருந்த குழாய்களை ஒன்று விடாமல் எண்ணியிருந்தாள்.

"அத்தை, ஏழடி நீளம், நாலடி அகலம், அரை அங்குலத் தகடு. உள்ள அம்பத்திரண்டு குழாய். ஆயிரத்து நானூத்தி முப்பது கிலோ வருது."

"அண்ணன் எழுநூத்தி நாப்பத்திரண்டுன்னு சொல்லிட்டாரேம்மா," என்றார் முதலாளியம்மா.

"அதெப்படி? சரி, அந்தக் கடைசி ரெண்டு கிலோ எங்கேருந்து வந்துச்சு? அதையாவது சொல்லச் சொல்லுங்க."

"அது துரு, சின்னம்மா," என்றார் கண்தராசு அமைதியாக.

சுமைக்காரர்கள் ஆகா என்று தலையாட்டினார்கள். மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சண்டையே வேணாம்," என்று முதலாளியம்மா தீர்ப்புச் சொன்னார். "இன்னைக்கு எடைமேடைச் சீட்டு என்ன சொல்லுதோ அதான் முடிவு. பத்து கிலோவுக்கு மேல வித்தியாசம் வந்தா, நாளைக்கே எலெக்ட்ரானிக் தராசு வாங்கிடுவோம்."

"அப்ப அண்ணன் நாற்காலி?" என்றான் ஒரு சுமைக்காரன்.

"தராசை வைக்க வாசல்ல இடம் வேணுமில்ல? அண்ணன் பின்னாடி தகரக் கொட்டகையில உக்காந்து டப்பா பிரிக்கட்டும்."

தகரக் கொட்டகையில் நாற்காலி கிடையாது. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பெயிண்ட் டப்பாவையும் எண்ணெய் டப்பாவையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். ஐம்பத்து நான்கு வயதில், அந்த மூட்டு வலியோடு. கண்தராசு சிரித்தார். சிரித்த முகம் கொஞ்ச நேரம் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றதை எல்லோரும் பார்த்தார்கள்.

முதலில் ஜாக்கி வைத்துப் பார்த்தார்கள். லாரிக்கு வைக்கிற பெரிய ஜாக்கி. சுமைக்காரன் ஏறி ஏறி மிதித்தான். ஒரு அங்குலம், இரண்டு அங்குலம்.

"ஏறுது, ஏறுது!" என்றார் கண்தராசு.

"அண்ணே, பாய்லர் ஏறல. ஜாக்கி இறங்குது."

சிமெண்டுத் தரையைப் பெயர்த்துக்கொண்டு ஜாக்கி உள்ளே போயிருந்தது. சத்தம் கேட்டு சலவை நிலையக்காரர் ஓடி வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தொழிலுக்கு அவரே விளம்பரம்.

"என்னய்யா, பாய்லரை எடுக்க வந்தீங்களா, கிணறு வெட்ட வந்தீங்களா?"

"உங்க தரை சரியில்லீங்க. எழுநூத்தி நாப்பத்திரண்டு கிலோவைக்கூடத் தாங்கல."

"முப்பது வருஷமாத் தாங்கிச்சேய்யா!"

கண்தராசு பாய்லரை இன்னொரு முறை சுற்றி வந்தார். தட்டினார். காதை வைத்துக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"உள்ள தண்ணி இருக்கு! நான் இரும்புக்குத்தான் எடை சொன்னேன். தண்ணிக்கு யாரு சொன்னது? அடியில இருக்கிற மூடியைக் கழட்டுங்கடா."

"எங்கே வடியும்னு பாத்துட்டுக் கழட்டுங்க," என்றாள் மருமகள்.

அதற்குள் கழற்றிவிட்டார்கள். உள்ளே தண்ணீர் இருந்தது உண்மை. அந்த ஒரு விஷயத்தில் கண்தராசு சொன்னது சரி. எத்தனை வருடத்துத் தண்ணீரோ, செங்கல் நிறத்தில், பாதி சேறும் பாதி துருவுமாகப் பீறிட்டு வந்து, பின்கட்டிலிருந்து நேராக இஸ்திரி அறைக்குள் நுழைந்தது. அங்கே, பெரிய ஓட்டல் ஒன்றிலிருந்து வந்திருந்த இருநூறு வெள்ளைப் படுக்கை விரிப்புகள், துவைத்து மடித்துத் தரையில் அடுக்கி, வண்டிக்காகக் காத்திருந்தன.

 சலவை நிலையக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில் அவர் வேட்டியும் செங்கல் நிறமானது.

"கவலைப்படாதீங்க," என்றார் கண்தராசு. "அடியில இருந்த ஒரு இருபது முப்பதுதான் நனைஞ்சிருக்கும்."

எண்ணிப் பார்த்ததில் நூற்றுத் தொண்ணூற்றாறு நனைந்திருந்தது.

"நாலு மணிக்குள்ள இந்தச் சனியனை என் இடத்தை விட்டு எடுக்கலேன்னா, இந்த விரிப்பு அத்தனையையும் நீங்கதான் துவைக்கணும்," என்றார் சலவை நிலையக்காரர், எழுந்திருக்காமலே. "கையால. ஒவ்வொண்ணா."

மணி அப்போது இரண்டரை.

தண்ணீர் போன பிறகு பாய்லர் இலேசாக ஆடியது. கண்தராசுக்கு உயிர் வந்தது. அடியில் இரும்புக் குழாய்களைச் செருகி, அதன்மேல் உருட்டிக்கொண்டு போகச் சொன்னார். நல்ல யோசனைதான். பின்கட்டு வாசல் பக்கமாகக் கொஞ்சம் சரிவு என்பதை மருமகள் சொன்னாள். "நல்லதாப் போச்சு, தானா வரும்" என்றார் கண்தராசு.

தானாகத்தான் வந்தது. முதலில் மெதுவாக, கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவர் மாதிரி. பிறகு வேகமாக. சுமைக்காரர்கள் நாலு பேரும் நாலு பக்கம் பாய்ந்தார்கள். பாய்லர் தனக்கு முன்னால் ஒரு துணிக் கொடியை அறுத்து, ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சப்பையாக்கி, வாசல் தூணை இடித்துத் தள்ளி, வெளியே நின்றிருந்த மினி லாரியின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது.

தூசி அடங்கியது.

"பாத்தீங்களா!" என்றார் கண்தராசு. "இலேசா இருக்கறதாலதானே இந்த ஓட்டம் ஓடுது?"

லாரியிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார். மூன்றாவது கியருக்கு மேல் அவர் போனதை யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்கு மூணாங்கியர் என்று பெயர். லாரியைத் தன் பிள்ளை போல வளர்ப்பவர். பிள்ளைகளை அப்படி வளர்த்தாரா என்றால், அதை அவர் வீட்டம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

"அண்ணே, என் வண்டி ஒரு டன்னுக்கு மேல தாங்காது. நிச்சயமா எழுநூறுதானே?"

"எழுநூத்தி நாப்பத்திரண்டு. என் கண்ணைப் பாத்துச் சொல்லு, என்னைக்காவது தப்பியிருக்கா?"

மூணாங்கியர் அந்தக் கண்ணைப் பார்த்தார். பிறகு பாய்லரைப் பார்த்தார். பிறகு லாரியின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார்.

மூன்று இரும்புக் கால்களை முக்காலியாக நட்டு, செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, பாய்லரைத் தூக்கினார்கள். முக்காலியின் கால்கள் ஒட்டகக் குட்டி முதன்முதலாக எழுந்து நிற்பதுபோல் அகன்றுகொண்டே போயின. லாரியைப் பின்னால் எடுத்து பாய்லருக்கு அடியில் கொண்டுவந்தார் மூணாங்கியர். "இறக்கு... மெல்ல... மெல்..." என்று கண்தராசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே சங்கிலியின் ஒரு கண்ணி வாயைப் பிளந்தது. கடைசி அரை அடியைப் பாய்லர் தானே இறங்கிக்கொண்டது.

லாரி உட்கார்ந்தது. பின்பக்கம் தரையை முத்தமிட, முன்பக்கம் நிமிர்ந்து, இரண்டு விளக்குகளும் வானத்தைப் பார்த்தன.

"ஐயோ, என் வண்டி!" என்றார் மூணாங்கியர். "அண்ணே, முன்சக்கரம் தரையில இல்லண்ணே!"

"வண்டிக்கு வயசாயிடுச்சு."

"போன மாசம்தான் புது ஸ்பிரிங் போட்டேன்!"

"அப்ப ஸ்பிரிங் போலி."

முன்சக்கரம் தரையில் படாவிட்டால் வண்டியை எப்படித் திருப்புவது? கண்தராசுக்கு அதற்கும் வழி தெரிந்திருந்தது. முன்பக்கம் பாரம் ஏற்றினால் சரியாகிவிடும். இரண்டு சுமைக்காரர்கள் கேபின் மேல் ஏறினார்கள். இரண்டு பேர் முன் மூடிமேல் உட்கார்ந்தார்கள். சக்கரம் இன்னும் நாலு விரல் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு எண்பது கிலோ வேணும்," என்றார் கண்தராசு.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"நான் அறுபத்தஞ்சுதான்."

"அண்ணே, உங்க எடையை மட்டும் நாங்க சொல்றோம். ஏறுங்க," என்றான் ஒரு சுமைக்காரன். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அவர் முன் பம்பரில் ஏறி உட்கார்ந்ததும் சக்கரம் தரையைத் தொட்டது.

இப்படியாக, கப்பல் முனையில் செதுக்கி வைத்த பொம்மைபோல் கண்தராசு கடைத்தெரு வழியாகப் போனார். முடிதிருத்தும் கடைக்காரர் பாதிச் சவரத்தோடு வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தார். மாடியிலிருந்து யாரோ அவர் வீட்டுக்குப் போன் செய்திருக்க வேண்டும். கண்தராசின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் மனைவி.

"என்னங்க, நீங்க லாரி மூக்கு மேல உக்காந்து போறீங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?"

"வேலையா இருக்கேன்."

"அது சரி. சிலிண்டர் தீந்துடுச்சு. வரும்போது புது சிலிண்டருக்குச் சொல்லிட்டு வாங்க."

பின்னால் முதலாளியம்மாவின் காரில் மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மூணாங்கியர் இன்று முதல் கியரைத் தாண்டவில்லை. மேட்டில் ஏறும்போது என்ஜின் இருமியது. பெட்ரோல் பங்க் திருப்பத்தில் பின் டயர் ஒன்று டமாரென்று வெடித்தது. "காத்து அதிகமா அடிச்சிருக்கான்" என்று கண்தராசு வழக்கம்போலச் சொன்னார். ஆனால் குரலில் வழக்கமான பலம் இல்லை.

பம்பரில் உட்கார்ந்தபடி அவர் கழுத்தைத் திருப்பிப் பாய்லரைப் பார்த்தார். இடது கண்ணை மூடினார். வானத்தைப் பார்த்தார். பதினாறு வருடத்தில் முதல் முறையாக எந்த எண்ணும் வரவில்லை. வந்ததெல்லாம் பெயிண்ட் டப்பா. எண்ணெய் டப்பா. தரையில் விரித்த ஒரு சாக்கு. தெரு முழுக்கத் தன்னைப் பார்த்துச் சிரிப்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

எடைமேடையை அடைந்தபோது மணி நாலேகால். காலையிலேயே காலி லாரியை அங்கே எடை போட்டு வைத்திருந்தார்கள். இப்போது சரக்கோடு போட்டுக் கழித்தால் பாய்லரின் எடை வந்துவிடும். லாரி நொண்டி நொண்டி மேடையேறியது. மேல் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கி ஓரமாக நின்றார்கள்.

சின்னக் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எடைமேடைக்காரர் தலையை நீட்டினார். பல் குத்திக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே! இன்னைக்கு என்ன சொன்னீங்க?"

"எழுநூத்தி நாப்பத்திரண்டு," என்றார் கண்தராசு. அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஜன்னல் மூடிக்கொண்டது. நேரமானது. உள்ளே எதையோ தட்டும் சத்தம் கேட்டது. மருமகள் கால்குலேட்டரைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். முதலாளியம்மா முந்தானையால் விசிறிக்கொண்டார். மூணாங்கியர் வெடித்த டயருக்குப் பக்கத்தில் துக்கம் விசாரிக்க வந்தவர்போல் குந்தியிருந்தார். கண்தராசு சட்டையின் மேல் பொத்தானைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

ஜன்னல் திறந்தது. சீட்டு வந்தது.

முதலாளியம்மாதான் வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"சரக்கு எடை, எழுநூத்தி நாப்பத்திரண்டு கிலோ."

 சுமைக்காரர்கள் ஓடி வந்து கண்தராசைத் தூக்கினார்கள். தூக்க முடியாமல் உடனே இறக்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

"ரெண்டு கிலோ துருவைக்கூட விடலியே மனுஷன்!" என்றான் ஒருவன்.

"கேட்டுக்கம்மா," என்றார் முதலாளியம்மா மருமகளிடம். "தராசும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்த நாற்காலிக்கு ஒரு மெத்தை தைக்கச் சொல்றேன்."

 கண்தராசு கண் ஓரத்தில் வந்ததைத் தூசி என்று துடைத்துக்கொண்டார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "வண்டி, தரை, செயின், டயர், எல்லாமே தப்பு. கண்ணு தப்பல" என்று மூணாங்கியருக்கு விளக்க ஆரம்பித்தார். மூணாங்கியர் கைகூப்பினார். எதற்கென்று தெரியவில்லை. நிறுத்தச் சொல்லியும் இருக்கலாம்.

மருமகள் மட்டும் ஒதுங்கி நின்று, கால்குலேட்டரில் மூன்று முறை போட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் ஆயிரத்து நானூற்று முப்பதுதான் வந்தது. கடைசியில் தாங்க முடியாமல் கண்ணாடி அறையின் ஜன்னலைத் தட்டினாள்.

"எப்படிங்க? ஒரு கிலோகூட வித்தியாசம் இல்லாம, பதினாறு வருஷமா, எப்படி ஒத்துப்போகும்?"

எடைமேடைக்காரர் பல்குச்சியை எடுத்துவிட்டு, பெருமையாகச் சிரித்தார்.

"மெஷின் முதல்ல ஆயிரத்து நானூத்தி சொச்சம்னு எதையோ உளறிச்சும்மா, அண்ணன் கண்ணு தப்பாதுன்னு ஊருக்கே தெரியுமே, அதனால எப்பவும்போல மெஷினைத்தான் திருத்தி வச்சேன்."